ஜப்பான்காரன் கட்டைவிரலில் நின்ற கார்ப் பூட்டு

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "இதுவரைக்கும் பார்த்ததுல ரொம்பக் கஷ்டமான பூட்டு எதும்மா?" எந்தப் பூட்டும் என்னைக் கஷ்டப்படுத்தியதில்லை. பூட்டு அவசரப்படுத்தாது, தலைக்கு மேலே குனிந்து நிற்காது, இடுப்பில் வாள் கட்டிக்கொண்டு வராது. கஷ்டமெல்லாம் பூட்டுக்குச் சொந்தக்காரர்களால் வருவது. நான் தனியாகப் பழுது பார்த்த முதல் பூட்டின் கதையைச் சொன்னால் உங்களுக்கே புரியும். எந்த ஸ்க்ரூவை எப்படிக் கழற்றினேன், சாவியை எப்படி ராவினேன் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதைக் காட்டித்தர உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் என் தலைக்குள் என்ன ஓடியது என்பதைக் கேட்டால் போதும்.

அது ஜப்பான்காரன் காலம். மலாக்காவில், காஜா பேராங்கில், ஒரு பலகை வீட்டில் இருந்தோம். முன்னால் கூடம், நடுவில் ஓர் அறை, பின்னால் அடுப்படி. கூடத்துக்கும் அறைக்கும் நடுவே கதவு கிடையாது. பழைய சேலை ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் சண்டைக்கு முன்னால் டவுனில் ஒரு கார்ப் பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறை மூடியதும் வீட்டிலேயே பூட்டு, சாவி, கார் சுவிட்ச் என்று கைக்கு வந்ததைப் பழுது பார்த்தார். நான் மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். "அதை எடு", "இதைப் பிடி", "கையை எடுக்காதே" என்பார். எடுப்பேன், பிடிப்பேன், கையை எடுக்காமல் இருப்பேன். நான் படித்த படிப்பு அவ்வளவுதான்.

பிறகு சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். சந்தைக்குப் போனவரை லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். தம்பின் ஸ்டேஷனில் ரயிலேற்ற இறக்கியபோது, கூட்டத்தின் நெரிசலில் நழுவி ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்தவர், ஒளிந்து ஒளிந்து நடந்தே வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்தவரை எங்கே வைப்பது? அறைக்கு மேலே பாதி தூரத்துக்குப் பலகை போட்ட பரண் ஒன்று இருந்தது. அதில் ஏறியவர்தான். ஊருக்கு அவர் சயாமில் இருந்தார். எனக்குத் தலைக்கு மேலே இருந்தார்.

பரண் முடிகிற இடத்தில் ஓடிய உத்தரத்தில்தான் எங்கள் பெண் குழந்தையின் தொட்டில் கட்டியிருந்தது. தொட்டில் ஆடினால் கயிறு உத்தரத்தில் உரசி 'கிரீச்' என்று ஒரு சத்தம் வரும். பலகை வீட்டில் ஓர் ஆண்பிள்ளை இருமினாலே பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும், பிறகு பேசுவது எங்கே? அதனால் நான் குழந்தைக்குப் பாடுகிற மாதிரி ராகம் போட்டுக் கேட்பேன். அவர் மேலிருந்து கயிற்றை இழுத்துப் பதில் சொல்வார். ஒரு கிரீச் என்றால் ஆமாம். இரண்டு கிரீச் என்றால் வேண்டாம்.

"தண்ணி வேணுமா கண்ணே?" கிரீச்.

"கிழங்கு வேணுமா கண்ணே?" கிரீச் கிரீச்.

நாள் தவறாமல் கிழங்கையே தின்றால் யாருக்குத்தான் வேண்டும்?

ஒரு நாள் காலையில் பசியாறிவிட்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். செங் என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புக் கார் வந்து, எதிரே இளநீர் விற்கிறவரிடம் நின்றது. பின் இருக்கையிலிருந்து ஜப்பான் அதிகாரி ஒருவர் இறங்கினார். வாட்டசாட்டமான ஆள். வெயிலில் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. இளநீர் குடித்தார், டிரைவரைத் தள்ளிவிட்டுத் தானே முன்னால் ஏறி உட்கார்ந்தார். காரை ஓட்டிப் பார்க்க ஆசை போலிருக்கிறது. கார் கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் 'பளார்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விலகிய டிரைவர், தெருவை ஒரு முறை பார்த்தார். அப்புறம் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே அதிகாரியும் வந்தார்.

டிரைவர் செட்டிக் கம்பத்துக்காரர், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசிப் பழகிய தமிழ் வம்சம். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய மலாய். சாமி பேரையும் சமையல் சாமான் பேரையும் விட்டால் தமிழ் வராது. என் வீட்டுக்காரரிடம் முன்பு ஓரிரு முறை சுவிட்ச் வேலைக்கு வந்திருக்கிறார். அவர் பெயரைக் கேட்டுக்கொண்டதில்லை. நான் அவரை 'அபாங்' என்பேன், அவர் என்னைக் 'காக்' என்பார். அண்ணன், அக்கா, அவ்வளவுதான். அதிகாரி எங்கள் இரண்டு பேருக்கும் 'துவான்', அதாவது துரை. மலாயில் பேசிக்கொண்டதைத்தான் உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

நான் இடுப்பை வளைத்துக் கும்பிட்டேன். அப்போதெல்லாம் குனிய மறந்தால் கன்னத்தில் விழும்.

"காக், உங்க வீட்டுக்காரர் சயாமுக்குப் போனது தெரியும்," என்றார் டிரைவர். "அவரோட பழைய சாவிப் பெட்டி இருக்கா? கார்ச் சாவி பூட்டுக்குள்ளேயே உடைஞ்சு போச்சு. துவான் மத்தியானம் டவுன்ல பெரிய அதிகாரி முன்னாடி நிக்கணும். போகலைன்னா அவருக்கு அடி விழும். அவருக்கு விழுந்தா எனக்கு எவ்வளவு விழும்னு பார்த்துக்குங்க."

"ஒயரைச் சேர்த்து ஸ்டார்ட் பண்ண முடியாதா அபாங்?"

அவர் கன்னத்தைத் தடவினார். "அதைச் சொன்னதுக்குத்தான் இது. 'ஓஹோ, இப்படித்தான் எங்க காரையெல்லாம் திருடுறீங்களா'ன்னு கேட்டாரு. பூட்டைச் சரிபண்ணி, சாவி போட்டுத்தான் கிளப்பணுமாம்."

அதிகாரிக்கு மலாயில் கொஞ்சம் சொற்கள் தெரியும். தெரிந்ததையெல்லாம் உரக்கத்தான் சொல்வார். "பெட்டி! எடு! எங்கே?" என்று கத்திக்கொண்டே கூடத்துக்குள் வந்துவிட்டார். கண் நேரே திரைச்சீலைக்குப் போனது.

சாவிப் பெட்டி இருந்தது அந்த அறையில்தான். பெட்டிக்கு மேலே தொட்டில். தொட்டிலுக்கு மேலே என் வீட்டுக்காரர். இல்லை என்று சொன்னால் தேடுவார்கள். இருக்கிறது என்றால் எடுக்க வருவார்கள். இரண்டையும் சொல்லக் கூடாது.

"பெட்டி எதுக்கு அபாங்?" என்றேன். "உள்ள துண்டு மாட்டியிருக்கும்போது வேற எந்தச் சாவி போகும்? பூட்டைக் கழட்டிக் கொண்டாங்க. நானே பார்க்கிறேன்."

டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா?"

"நான்தான்."

அதை அதிகாரியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, எங்கள் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துகொண்டார். டிரைவர் காருக்குப் போய்ப் பூட்டைக் கழற்றிக்கொண்டு வருவதற்குள் நான் உள்ளே ஓடிப் பெட்டியை எடுத்து வந்தேன். மேலே பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

தரையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பூட்டைக் கையில் வாங்கினேன். உடைந்த சாவியின் நுனி உள்ளே தெரிந்தது. கொண்டையிலிருந்த ஊசியைப் பிடுங்கி அதைக் கிளறினேன். துண்டு வெளியே வருவதற்குப் பதிலாக இன்னும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதிகாரி 'ச்ச்' என்று உச்சுக் கொட்டினார். எனக்கு வேர்த்துவிட்டது. இன்னொரு தடவை குத்தச் சொல்லித்தான் கை துடித்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். கையை நிறுத்திக்கொண்டேன் பாருங்கள், அன்றைக்கு நான் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான். இன்றைக்கும் நீங்கள் யாராவது ஒரு பூட்டோடு மல்லுக்கு நிற்பதைப் பார்த்தால், "வச்சிட்டுப் போய் டீ குடி" என்று நான் விரட்டுவது அதனால்தான்.

டீ குடிக்க எனக்கு அன்று வழியில்லை. அதனால் பாடினேன்.

"ஆராரோ கண்ணே, உருளையப் பின்னாலேருந்து கழட்டட்டுமா கண்ணே?"

கிரீச்.

அதிகாரி தலையைத் திருப்பினார். "குழந்தை, துவான்," என்றேன். "பாடினால்தான் தூங்கும்." அவர் தலையாட்டினார். டிரைவர் மட்டும் புருவத்தை நெரித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

சாவி நுழைகிற உருளையைப் பாதி வெளியே இழுத்தேன். அதற்குள் இருக்கிற சின்னச் சின்னத் தகடுகளும், ஒவ்வொன்றுக்கும் அடியில் இருக்கிற எறும்பு அளவு ஸ்பிரிங்கும் உங்களுக்குத் தெரியும். கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளாவிட்டால் அத்தனையும் பறந்துவிடும். அழுத்திக்கொண்டேன். இனி அந்தத் துண்டைக் கொக்கி போட்டு இழுக்க மெல்லிய ரம்ப இழை ஒன்று வேண்டும். பெட்டியை ஒரு கையால் துழாவினேன். இல்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பொழுது போகாமல் மேலே உட்கார்ந்து குழந்தைக்கு மரத்தில் கிளி செதுக்கிக்கொண்டிருந்தாரே.

"ஆராரோ கண்ணே, ரம்ப இழை உங்கிட்டவா கண்ணே?"

கிரீச்.

நாசமாய்ப் போச்சு என்று நினைக்கும்போதே குழந்தை விழித்துக்கொண்டு வீலென்று அழ ஆரம்பித்தது.

அதிகாரியின் முகம் மாறியது. அவ்வளவு நேரம் சிடுசிடு என்று இருந்தவர், கையை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்திக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு சிரித்தார். ஊரில் அவருக்கும் ஒரு குழந்தை இருக்கிறது போலும். "நீ வேலை பார். நான்!" என்று சொல்லி எழுந்தார். தொட்டிலை ஆட்ட அவரே திரையை நோக்கி நடந்தார்.

நல்ல மனசுதான். அந்த நல்ல மனசு திரையைத் தாண்டினால் எங்கள் குடும்பம் அதோடு முடிந்தது.

"துவான்!" என்று கத்தினேன். அதுவரை எந்த ஆம்பிளையையும் பார்த்து நான் அப்படிக் கத்தியதில்லை. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். ஓடிப்போய்ப் பூட்டை அவர் இரண்டு கைக்குள்ளும் திணித்து, ஒரு கட்டைவிரலைப் பிடித்துத் தகடுகள்மேல் வைத்து அழுத்தினேன்.

"இங்க. இப்படியே. விட்டா எல்லாம் பறந்துடும். அப்புறம் கார் கிடையாது."

டிரைவர் ஒரு படி மேலே போனார். "துவான், விரல் கொஞ்சம் அசைஞ்சாலும் சிங்கப்பூருக்குத்தான் அனுப்பணுமாம். ஒரு மாசம் ஆகுமாம்," என்றார் முகத்தைப் பயபக்தியோடு வைத்துக்கொண்டு.

வாளும் தொப்பியும் பூட்ஸுமாக நின்ற அந்த மனிதர், கையிலிருக்கிற வஸ்துவைப் பார்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். அப்படியே மெல்ல மெல்லப் பின்வாங்கி நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிள்ளைகளா, இதை நான் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். "சீக்கிரம், சீக்கிரம்" என்று பக்கத்தில் நின்று அரிக்கிறவர் வந்தால், "இந்த விளக்கைக் கொஞ்சம் பிடிங்க", "இந்த ஸ்க்ரூவைத் தொலைக்காம வச்சிருங்க" என்று கையில் ஒன்றைக் கொடுங்கள். அவசரம் அதோடு அடங்கிவிடும். பார்த்துக்கொண்டிருந்தவர் உங்களோடு சேர்ந்து வேலை செய்கிறவர் ஆகிவிடுவார்.

திரையைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் போனேன். குழந்தையைத் தூக்கினேன். மேலேயிருந்து என் வீட்டுக்காரரின் தலை கீழே தொங்கியது. முகம் வெளுத்திருந்தது. ரம்ப இழையை நீட்டியபடி, உதட்டை மட்டும் அசைத்து, "நான் எறங்கி வந்துடவா? உன்னால முடியாது லா," என்றார்.

ஒரு கணம் யோசித்தேன். அவர் வந்தால் பூட்டுச் சரியாகிவிடும், எனக்கும் நிம்மதி. அதற்கப்புறம்?

"நீங்க வந்தா பூட்டு திறக்கும், உங்களை ரயில்ல ஏத்திடுவான்," என்றேன் அவர் காதுக்குள். "பேசாம ஏறிப் படுங்க."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதிகாரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனியில் ஒரு வேர்வைச் சொட்டு தொங்கியது. அதைத் துடைக்க அவருக்குக் கையில்லை. டிரைவர் என் முறத்தை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார். "துடைங்களேன் அபாங்," என்றேன். "அறையும் வாங்கிட்டு அவர் மூக்கை வேற தொடச் சொல்றீங்களா?" என்று முணுமுணுத்துவிட்டு, தோள் துண்டால் ஒற்றிவிட்டார்.

பூட்டு அதிகாரி கையில் இருந்தபடியே இழையை உள்ளே விட்டேன். முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை கடித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தேன். துண்டு வெள்ளைத் துணியில் வந்து விழுந்தது.

அதிகாரி ஜப்பான் பாஷையில் ஏதோ கத்திக்கொண்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

கட்டைவிரலும் சேர்ந்து எழுந்தது. ஸ்பிரிங் ஒன்று 'டிங்' என்று பறந்தது.

அப்புறம் நடந்ததைப் பார்க்க நீங்கள் கொடுத்து வைக்கவில்லை. ஜப்பான் ராணுவ அதிகாரி என் கூடத்தில் முட்டி போட்டு, வாள் உறை நாற்காலிக் காலில் இடிக்க இடிக்க, தரையைத் தடவித் தேடினார். டிரைவர் இன்னொரு பக்கம் தேடினார். பலகை இடுக்கில் விழுந்திருந்தால் எங்கே கிடைக்கும்? கிடைக்கவில்லை. ஸ்பிரிங் இல்லாத தகடு உள்ளே இருந்தால் எந்த நேரமும் இறுகிக்கொள்ளும். அதை எடுத்துவிட்டு மாட்டினால்? பூட்டு கொஞ்சம் இளகிப்போகும், ஆனால் திறக்கும் என்று தோன்றியது. நிச்சயமாகத் தெரியவில்லை. பழக்க தோஷம், வாய் தானாகப் பாடிவிட்டது.

"ஆராரோ கண்ணே, ஒரு தகட்ட எடுத்துட்டு மாட்டிடவா கண்ணே?"

கிரீச்.

குழந்தை என் இடுப்பில் உட்கார்ந்து என் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது.

அதிகாரி முட்டி போட்டபடியே தலையை உயர்த்தினார். குழந்தையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி குழந்தையைப் பார்த்தார். கை மெல்ல வாளின் பிடிக்குப் போனது.

"பூனை, துவான்," என்றார் டிரைவர்.

சொல்லிவிட்டு எழுந்தார். "ஷூ! ஷூ!" என்று அதட்டிக்கொண்டே போய்த் திரையைத் தூக்கினார். அவர் முகம் மேலே நிமிர்ந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டார். அங்கே இரண்டு கண்கள் இவரைப் பார்த்திருக்கும். அவர் கன்னத்தில் ஐந்து விரலும் இன்னும் சிவப்பாகப் பதிந்திருந்தன. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அரிசி மூட்டை கிடைக்கும், அதற்கப்புறம் யாரும் அவரைக் கைநீட்டி அடிக்கமாட்டார்கள். அப்படி எத்தனையோ பேர் சொன்ன காலம் அது.

திரையைக் கீழே விட்டார்.

"சுடா லாரி," என்றார். ஓடிப்போய்விட்டது என்று அர்த்தம். "கள்ளப் பூனை, துவான். இனிமே வராது."

அதிகாரி கையை எடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தகடுகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினேன்.

வெட்டாத சாவி ஒன்றை எடுத்து, உடைந்த இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்து ராவ ஆரம்பித்தேன். அதிகாரி குனிந்து அந்தத் துண்டுகளை எடுத்துப் பார்த்தார். அவர் குரல் மறுபடி பழைய குரலாகிவிட்டது. "யார் உடைத்தது? இவனா?" என்று டிரைவரைக் காட்டினார்.

துண்டு உடைந்த இடத்தில் முறுக்கியிருந்தது. போகாத பக்கமாகப் பலங்கொண்ட மட்டும் திருப்பினால்தான் அப்படி முறுக்கும். அன்று முன்னால் உட்கார்ந்தது யார் என்று வாசலைக் கூட்டியவளுக்குத் தெரியும்தானே. டிரைவர் முறத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

"உப்புக் காத்து, துவான்," என்றேன். "கடற்கரை ஊர். பித்தளையை அரிச்சிடும். யார் கையில இருந்தாலும் இன்னிக்கு உடைஞ்சிருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டினார், ஆட்டினார், அப்படி ஆட்டினார். "காற்று! ஆமாம், காற்று!" என்றார் மிகவும் சந்தோஷமாக.

இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "இது யார் செய்த வேலை" என்று கணவன் மனைவியைக் காட்டிக் கேட்பான், முதலாளி ஆளைக் காட்டிக் கேட்பார். நமக்கு அது பார்த்தவுடனே தெரிந்துவிடும். தெரிந்ததையெல்லாம் சொல்ல நம்மைக் கூப்பிடவில்லை. உப்புக் காற்று இந்த ஊரில் எப்போதும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

சாவி திரும்பியது. டிரைவர் பூட்டைக் கொண்டுபோய் மாட்டினார். எதிர்ப்பக்கத்திலிருந்து எஞ்சின் சத்தம் கேட்டபோது நான் குழந்தையை அணைத்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். அதிகாரி எனக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார். முறத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த டிரைவர், கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"காக், உங்க பூனைக்குக் கொஞ்சம் மீன் போடுங்க. ரொம்ப மெலிஞ்சு கெடக்கு."

மறுநாள் வாசலில் வாழை இலையில் சுற்றிய கருவாடு இருந்தது. யார் வைத்தார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. அவரை அதற்கப்புறம் சாலையில் காரோட்டிப் போகும்போது பார்த்ததோடு சரி. இந்தத் தொழிலில் எனக்கு வழிகாட்டி யார் என்று கேட்டால், பெயர் தெரியாத அந்த மனிதரைத்தான் சொல்வேன். ஒரு திருப்புளி பிடிக்கக்கூட அவர் எனக்குக் கற்றுத்தரவில்லை.

அடுத்த வாரம் அதிகாரி இரண்டு பெட்டிப் பூட்டும் ஒரு லாரிச் சுவிட்சும் அனுப்பினார். ஜப்பான் எழுத்தில் எழுதிய பலகை ஒன்றை வாசலில் மாட்டினார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆள் பிடிக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அது போதும். நான் கீழே உட்கார்ந்து பாடினேன், அவர் மேலே படுத்துக் கயிற்றை இழுத்தார். நான் தொழில் படித்தது அப்படித்தான். அவருக்குக் கோபம் வந்தால் இரண்டு கிரீச் நாலாகும், ஆறாகும். ஒரு தடவை கயிறே அறுந்து விழுந்தது. நல்லவேளை, குழந்தை அடுப்படியில் தவழ்ந்துகொண்டிருந்தது.

ஜப்பான்காரன் சரணடைந்துவிட்டான் என்ற சேதி உறுதியான அன்று அவர் பரணிலிருந்து இறங்கினார். வாசலுக்குப் போனதும் வெயில் தாங்காமல் கண்ணைப் பொத்திக்கொண்டார். வேலியைப் பிடித்துப் பிடித்துத் தெருவுக்கு நடந்தார். பார்த்தவர்களெல்லாம் ஓடி வந்தார்கள். "சயாம்லேருந்து எப்ப வந்தீங்க?" என்று தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எலும்பும் தோலுமாக நின்ற மனிதரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது பாக்கியம் வந்தாள். எங்கள் வரிசையில் கடைசி வீட்டுக்காரி. அவள் கணவனையும் அதே சந்தையில், அதே லாரியில்தான் ஏற்றினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவள், மூச்சு வாங்க, "அண்ணே, அங்க எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்களா? நல்லா இருக்காரா?" என்றாள்.

தெருவே அவர் வாயைப் பார்த்தது. பார்த்தேன், நல்லா இருக்கிறார், வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்வார் என்றுதான் எல்லாரும் காத்திருந்தார்கள். சொல்லிவிட்டால் தேவலை என்று நானும் நினைத்தேன்.

"நான் சயாமுக்குப் போகலம்மா," என்றார் அவர். இத்தனை நாள் பேசாமல் இருந்ததில் குரல் கரகரத்தது. "தம்பின்லயே ஓடி வந்துட்டேன். இவ்வளவு நாளும் இந்த வீட்டுப் பரண்லதான் கெடந்தேன். உன் வீட்டுக்காரர் என் பக்கத்துலதான் இருந்தாரு. ஓடுறப்ப அவர் கையப் புடிச்சேன். கூட்டத்துல வுட்டுப்போச்சு."

பாக்கியம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழப் போகிறாள், இல்லை அவர்மேல் பாயப் போகிறாள் என்று நான் வாசற்படியிலிருந்து இறங்கி ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப ஓட முடிஞ்சிருக்கு," என்றாள். "நீங்க ஓடியிருக்கீங்கன்னா அவரும் ஓடியிருப்பாரு லா அண்ணே. எங்கயாச்சும் ஒரு வீட்டுப் பரண்ல இருப்பாரு. சண்ட முடிஞ்சிருச்சுன்னு அவருக்கு யாரும் சொல்லலபோல."

பிறகு நாங்கள் டவுன் பக்கம் இந்தக் கடையைத் திறந்தோம். அவருக்குக் காய்ச்சல் வந்து வந்து கை நடுக்கம் தங்கிவிட்டது. அதனால் வாடிக்கையாளர்களிடம் பேசுவது அவர், பூட்டின் முன் உட்காருவது நான் என்று ஆயிற்று. பாக்கியத்தையும் வேலைக்குக் கூப்பிட்டேன். சாவி ராவுவதில் என்னைவிட நேர்த்தி. எவ்வளவு வேலை குவிந்திருந்தாலும், வாசலில் ஒரு கார் வந்து நின்றால் அரத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் எழுந்து போகிறவள் அவள்தான். என்ன கார் என்று பார்க்கமாட்டாள். கதவைத் திறந்து இறங்குகிறவர் முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "வாங்க, என்ன பழுது?" என்பாள்.

"உங்க கடையில இருக்கிற அந்தம்மா ரொம்பச் சுறுசுறுப்பு" என்று வருகிறவர்கள் என் வீட்டுக்காரரிடம் சொல்வார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவர் அவர்கள் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொள்வார்.